சிடியில் பளிச்சென்று கேட்கும் பாட்டு ஸ்ட்ரீமிங்கில் மட்டும் மங்குவது ஏன்?

மடிக்கணினியிலிருந்து புளூடூத் வழியாக வீட்டு ஸ்டீரியோவுக்குப் பாட்டை அனுப்பினால் ஜால்ராவும் சலங்கையும் காணாமல் போய்விடுகின்றன என்றும், அதே ஆம்ப்ளிஃபையரில் சிடி போட்டால் தெளிவாகக் கேட்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடுதல் தரத்துக்காக விலை உயர்ந்த சந்தாவுக்கு மாற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. இப்போதைக்கு மாற வேண்டாம். இதே கோளாறு என் வீட்டிலும் வந்தது. காரணம் சந்தாவில் இல்லை.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரை கேட்கும் என்றாலும், வயது ஏற ஏற மேல்வரம்பு இறங்கிக்கொண்டே வரும். நடுத்தர வயதில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பலருக்கும் எதுவும் கேட்பதில்லை. விநாடிக்கு 128 கிலோபிட் அளவில் சுருக்கிய எம்பி3 கோப்புகளில் பொதுவாக 16,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் ஒலி வெட்டப்படுகிறது. ஆகவே அந்த இழப்பை மட்டும் வைத்துப் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடாது. ஜால்ராவின் மினுமினுப்பும், பாடுபவர் 'ஸ', 'ஷ' என்று உச்சரிக்கையில் எழும் காற்றோசையும் பெரும்பாலும் 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸுக்குள் இருப்பவை. அவையே மறைகின்றன என்றால், வெட்டு அதைவிடக் கீழே எங்கோ விழுகிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: செயலியில் டேட்டா சேமிப்பு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் தரம் மிகவும் தாழ்ந்துவிடும். ஸ்பாட்டிஃபையின் மிகக் குறைந்த நிலை விநாடிக்கு 24 கிலோபிட் மட்டுமே. அதை முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

என் வீட்டில் நடந்தது இதுதான். ஆம்ப்ளிஃபையரில் வெளிக்கருவிகளை இணைப்பதற்கான ஆக்ஸ் துளையில் தீப்பெட்டி அளவிலான ஒரு புளூடூத் ரிசீவரைச் செருகியிருந்தேன். அதில் மைக் இருப்பதை நான் பொருட்படுத்தவில்லை. ஒரு நாள் காலை, அலுவலகக் கூட்டத்துக்காகத் திறந்த வீடியோ அழைப்புச் செயலியை மூடாமலேயே பாட்டைப் போட்டேன். கஞ்சிராவின் தோலோசை கேட்டது. அதன் சட்டத்தில் பதித்த சில்லுகளின் கிலுகிலுப்பு அறவே கேட்கவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து கவனித்தபோது, இடப்பக்கம் ஒலிக்க வேண்டிய வயலினும் வலப்பக்கம் ஒலிக்க வேண்டிய மிருதங்கமும் நட்டநடுவில் ஒன்றாகக் குவிந்திருந்தன. இந்த இரண்டாவது அறிகுறிதான் எனக்கு வழிகாட்டியது.

புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி என இரண்டு உண்டு. ஏதாவது ஒரு செயலி மைக்கைக் கேட்டுப் பெற்றவுடன், கணினி ரிசீவரைப் பேச்சு வழிக்கு மாற்றிவிடுகிறது. அந்த வழியில் ஒலி இடம், வலம் என்ற பிரிவில்லாத மோனோவாகி, ஒலியலையை அளந்து குறிக்கும் மாதிரிகள் பொதுவாக விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மட்டுமே எடுக்கப்படுகின்றன. மாதிரி எண்ணிக்கையில் பாதி அளவுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணை எந்த டிஜிட்டல் முறையாலும் ஏந்த முடியாது என்பதால், 4,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸோடு பாட்டின் மேல்பகுதி முடிந்துபோகிறது. சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரிகள் இருப்பதால் 22,000 ஹெர்ட்ஸ் வரை இடமிருக்கிறது. ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கரில் நீங்கள் கேட்கும் வேறுபாட்டுக்கு இது போதுமான காரணம்.

இதை உறுதிசெய்ய, தாழ்ந்த ஒலியில் தொடங்கிப் படிப்படியாக மேலேறும் சோதனை ஒலி ஒன்றை இணையத்தில் தேடி, அளவான சத்தத்தில் ஓடவிடுங்கள். சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கரில் உச்ச ஒலிகளை எழுப்பும் சிறிய பகுதியான ட்வீட்டர் கருகிவிடக்கூடும். எனக்கு 8,000 ஹெர்ட்ஸை நெருங்கியதும் கத்தியால் நறுக்கியது போல ஒலி நின்றது. அதே மடிக்கணினியை ஆக்ஸ் கேபிளால் இணைத்தபோது 12,000 வரை கேட்டது. அதற்கு மேல் என் காதின் எல்லை. உங்களுக்கும் அப்படியே நேர்ந்தால், அழைப்புச் செயலிகளை முழுவதும் மூடிவிட்டு, ஒலி அமைப்பில் மைக்காகக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். வெளியீட்டுப் பட்டியலில் ரிசீவரின் பெயர் ஸ்டீரியோ (பாட்டு வழி) என்றும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ (பேச்சு வழி) என்றும் இருமுறை தென்பட்டால், ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். நான் கேபிளையே நிரந்தரமாக்கிக்கொண்டேன்.

கேபிளிலும் மங்கலாகவே கேட்டால், கணினியில் ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரையும், ஆம்ப்ளிஃபையரில் அந்த உள்ளீட்டுக்கான அமைப்பையும் பாருங்கள். சில ஆம்ப்ளிஃபையர்கள் டிரெபிள் (உச்ச ஒலிகள்) அளவையும் இரவு நேர ஒலி அமைப்பையும் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கும்.

உங்களுக்கு சிடி நன்றாகக் கேட்பதால் ஸ்பீக்கர்மேல் சந்தேகம் தேவையில்லை. சிடியும் சேர்ந்து மங்கியவர்கள் மட்டும் செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ட்வீட்டர் எதிரிலும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். உயிருள்ள ட்வீட்டரில் 'ஸ்ஸ்' என்ற நுண்ணோசை தெளிவாக வரும். வரவில்லையென்றால், பின்புறம் நான்கு முனைகள் உள்ள ஸ்பீக்கராயின், மேலிணையையும் கீழிணையையும் சேர்க்கும் உலோகத் தகடு கழன்றிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. தகடு சரியாக இருந்தால், ட்வீட்டரின் ஒரு கம்பியைக் கழற்றி, ட்வீட்டரின் முனைகளிலேயே மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் வெளிமுனையில் வைத்தால் வழியிலுள்ள கெபாசிட்டர் ட்வீட்டரை மறைத்துவிடும். 8 ஓம் ட்வீட்டர் 5 முதல் 7 ஓம் வரை காட்டும். மீட்டர் அசையவே இல்லையென்றால் சுருள் எரிந்துவிட்டது.

சோதனைக்குப் பழைய திரைப்பாட்டுகளை எடுக்காதீர்கள். 1950, 60களில் படச்சுருளின் ஓரத்தில் ஒளித்தடமாகப் பதிந்த ஒலியில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது. டிரெபிளைத் திருகினால் இரைச்சல்தான் கூடும். சிடியாக உங்களிடமே இருக்கும் ஒரு கச்சேரிப் பதிவை ஸ்ட்ரீமிங்கிலும் தேடி எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். சோதனை ஒலி எந்த எண்ணில் நின்றது என்று கருத்தில் எழுதினால், அடுத்து எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.