தீவு விடுதியின் தண்ணீர்க் கணக்கு: பெங்களூருத் தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

டிசம்பர் விடுமுறைக்கு லட்சத்தீவா, மாலத்தீவா என்று எங்கள் பெங்களூருத் தமிழர் குழுவில் தொடங்கிய பேச்சு, ‘நாம் போய்த் தங்குவதால் அந்தத் தீவுக்காரர்களுக்கு என்ன ஆகிறது?’ என்பதில் வந்து நின்றது. கடலோரக் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் பதில் சொல்ல ஒப்புக்கொண்டார். கேள்விகளும் பதில்களும் கீழே; கேட்டவர்களை அவரவர் குடியிருக்கும் பகுதியின் பெயரால் குறித்திருக்கிறோம்.

வைட்ஃபீல்ட்: 2024 கோடையில் எங்கள் அப்பார்ட்மெண்டில் போர்வெல் வற்றி, டேங்கருக்கு நாய் படாத பாடு பட்டோம். சுற்றிலும் உப்புக் கடல் இருக்கிற தீவில் ஐந்து நட்சத்திர விடுதிக்குத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது சார்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். பவளத் தீவில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கும். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அங்குலம் நின்றால் கீழே சுமார் 40 அங்குலம் இறங்கியிருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதையே தலைகீழாகப் பாருங்கள்: மேல்மட்டம் ஓர் அங்குலம் குறைந்தால் அடியிலிருந்து உப்பு 40 அங்குலம் ஏறிவிடும். வாளியால் இறைத்தவரை கிணறு தாங்கியது. ஒரே இடத்தில் மோட்டார் போட்டு இழுத்தால், உப்பு கூம்பு மாதிரி கிளம்பி மேலே வரும். பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து கரிக்கும்.

இனி அளவு. 100 அறை, அறைக்கு இரண்டு பேர். பெரிய ஹோட்டலுக்கு ஆளுக்கு 320 லிட்டர் என்று நம் ஊர்க் கட்டட விதி வைக்கும் கணக்கையே எடுத்தால் நாளைக்கு 64,000 லிட்டர். ஊழியர் 150 பேருக்கு 135 லிட்டர் வீதம் இன்னொரு 20,000. ஆக 84,000. கிராமத்தில் ஆளுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு. அப்படியானால் 350 பேர் செலவழிப்பது 1,500 கிராமத்தாரின் தண்ணீர். லட்சத்தீவின் பித்ராவில் 2011 கணக்கெடுப்பின்படி மொத்தமே 271 பேர்தான்.

நீச்சல் குளத்தைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். அறையோடு ஒட்டிய சின்னக் குளத்தில் நாளைக்கு ஆவியாகப் போவது 60, 70 லிட்டர்தான். உண்மையில் குடிப்பது லாண்டரியும் புல்தரையும். பவள மணலில் புல்தரை வைப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. பிளாண்ட் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

கிணறு தப்பிக்கும், அது உண்மை. ஆனால் சின்ன ஆர்.ஓ. ஆலையில் எடுக்கிற கடல்நீரில் 40 சதவீதம்தான் நன்னீராகும். மேலே சொன்ன 84,000 லிட்டருக்கு 2,10,000 லிட்டர் உறிஞ்ச வேண்டும். மீதி 1,26,000 லிட்டர் உப்புக்கழிவாகத் திரும்புகிறது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருந்தது 58 கிராமாகியிருக்கும். அந்தக் கனத்த நீர் தரையோடு தரையாகத் தவழும். பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாத லகூனில் விட்டால் அங்கேயே தேங்கும். குழாயைத் திட்டுக்கு வெளியே, ஆழக்கடல் வரை கொண்டுபோக வேண்டும். செலவு கூடும் என்பதால் முதலில் வெட்டுப்படுவது இந்தக் குழாயின் நீளம்தான்.

மின்சாரம் ஆயிரம் லிட்டருக்கு 4 யூனிட் என்று குறைவாக வைத்தாலும் நாளைக்கு 336 யூனிட். ஜெனரேட்டரில் ஓட்டினால் நூறு லிட்டர் டீசலை நெருங்கும். அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும்.

ஒரு மாற்று உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியில் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் ஆலை ஒன்றை அமைத்தது. கடலின் மேல்மட்ட வெதுவெதுப்பான நீரை வெற்றிடக் கலத்தில் ஆவியாக்கி, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்நீரால் குளிரவைக்கும் முறை. ஆர்.ஓ.வில் உப்பை வடிகட்டும் மெம்பிரேன் (சவ்வு) இதில் இல்லை, திரும்பிப் போகும் நீரில் உப்பும் பெரிதாக ஏறுவதில்லை. ஆனால் அது ஊர் மக்களுக்கான குடிநீர். விடுதி அதில் குழாய் போடப் பார்த்தால் ஊர் சும்மா இருக்காது, இருக்கவும் கூடாது.

மாலத்தீவின் தலைநகர் மாலேயில் 2014 டிசம்பரில் குடிநீர் ஆலை தீப்பிடித்ததும் நகரமே தண்ணீரில்லாமல் நின்றது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. ஒரே ஆலையை நம்பி ஊரை வைத்தால் இதுதான் கதி.

பெல்லந்தூர்: ஏரியில் நுரை பொங்கினதைப் பார்த்தவர்கள் நாங்கள். ‘எங்களிடம் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலை) இருக்கிறது’ என்று விடுதிக்காரர்கள் சொல்வதை நம்பலாமா?

உங்கள் அப்பார்ட்மெண்ட் எஸ்.டி.பி. எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும். அங்கே கழிவைத் தின்பது பாக்டீரியா. மழைக்காலத்தில் விடுதி காலியாகக் கிடந்தால் அது பட்டினியில் சாகும். டிசம்பர் 20-ஆம் தேதி எல்லா அறையும் நிரம்பும்போது பாக்டீரியா மறுபடி பெருக இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை அரைகுறையாகச் சுத்தமான நீர்தான் வெளியே போகும். ஆலையை இரண்டு தொட்டி வரிசையாகக் கட்டி, ஆள் குறைந்த மாதங்களில் ஒன்றை மட்டும் ஓட்டினால் இதைத் தவிர்க்கலாம்.

பலர் கவனிக்காத இன்னொன்று: சாதாரண எஸ்.டி.பி. நாற்றத்தைப் போக்கும், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் போக்காது. பெங்களூரில் அந்த நீரைச் செடிக்கு விடலாம். பவள மணலில் விட்டால் சட்டென்று கீழே இறங்கி நன்னீர் வில்லையிலும் லகூனிலும் கலக்கும். பவளத்துக்குச் சத்தில்லாத தெளிந்த நீர்தான் பிடிக்கும். சத்து ஏறினால் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும்.

பிலிப்பைன்ஸின் போராகாய் தீவைக் கழிவுநீர்ப் பிரச்சினையால்தான் 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் மூடினார்கள். திறந்தபோது நாளைக்கு 6,405 பயணிகள்தான் வரலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த ஆறு மாதக் கூலி இழப்பு தீவுக்காரர்கள் தலையில்தான் விழுந்தது.

எலக்ட்ரானிக் சிட்டி: தண்ணீர் மேல் தூண் நட்டுக் கட்டும் வாட்டர் வில்லாவில் மரம் வெட்டுவதில்லை, நிலமும் எடுப்பதில்லை. அது நல்லதுதானே?

நிலத்தில் ஒன்றும் ஆகாது. லகூனில்தான் எல்லாம் ஆகும். லட்சத்தீவில் சூரை (டூனா) மீன் பிடிக்கும் முறையை வைத்துப் பாருங்கள். விடியற்காலையில் லகூனுக்குள் சின்ன வலை போட்டு, பவளத்தை ஒட்டித் திரியும் விரற்கடை அளவு இரைமீனை உயிரோடு பிடிப்பார்கள். படகின் தொட்டியில் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் அவற்றை வைத்துக்கொண்டு வெளிக்கடல் போய், சூரைக் கூட்டத்தின் நடுவே வீசுவார்கள். சூரை வெறிகொண்டு மேலே வரும்போது, முள்ளில்லாத தூண்டிலால் தூக்கித் தூக்கிப் போடுவார்கள். சூரைக்கு வலை போடுவதில்லை, அதனால் வேறு மீன் அதிகம் மாட்டிச் சாவதில்லை. உலகிலேயே சுத்தமான மீன்பிடி முறைகளில் ஒன்று.

இப்போது தூண் நட லகூனைத் தோண்டுகிறீர்கள். கிளம்பும் சேறு பவளத்தின் மேல் படிகிறது. வில்லாவின் நிழல் விழும் இடத்தில் பவளத்துக்கு வெயில் இல்லை. விருந்தினருக்கு இடைஞ்சல் என்று இரைமீன் வலைக்கும் தடை வருகிறது. இரைமீன் இல்லையென்றால் சூரை இல்லை, சூரை இல்லையென்றால் அதைக் காயவைத்து மினிக்காய்த் தீவில் செய்யும் மாசிக் கருவாடு இல்லை. இழப்பீட்டுக் கணக்கில் இந்த நஷ்டம் எந்த வரியிலும் வராது, ஏனென்றால் லகூன் யார் பட்டாவிலும் இல்லை.

மல்லேஸ்வரம்: படகுத்துறை கட்டினால் எதிர்ப்பக்கம் கரை அரிக்கும் என்கிறார்களே?

சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் தின்றது. அதே கதைதான். சின்னத் தீவில் மணல் ஒரு பருவக்காற்றுக்கு இந்தப் பக்கமும், அடுத்ததற்கு அந்தப் பக்கமுமாக நகரும். கல் கொட்டிய துறை அந்த நடையை மறிக்கும். தூண் மேல் நிற்கும் துறை பெரும்பாலும் மறிக்காது.

அல்சூர் (ஹோட்டல் மேனேஜ்மெண்ட் மாணவி): உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறதே அண்ணா, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

கிடைக்கிறதும்மா, மறுக்கவில்லை. எந்த வேலை, எங்கே தங்கி என்று பார்க்க வேண்டும். மாலத்தீவில் 1972-இல் தொடங்கியது ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற ஏற்பாடு. ஊழியர் அங்கேயே தங்க வேண்டும், வீட்டுக்குப் படகேறித்தான் வர முடியும். குழந்தை வைத்திருக்கும் பெண்ணுக்கு இது சரிப்படாது. அதனால் அங்கே உள்ளூர்ப் பெண்கள் குறைவு. 2009-க்குப் பிறகு மாஃபுஷி போன்ற ஊர்த் தீவுகளில் வீட்டு விடுதிகள் வந்தன. பணம் வீட்டுக்கே வந்தது, கூடவே குப்பையும் சாக்கடையும் வந்தன. என் கணக்கில் இரண்டாவது வழி மேல். குப்பையைச் சமாளிக்கலாம், ஊரே வெளியாளாகிப் போனால் சமாளிக்க முடியாது.

கே.ஆர். புரம்: ‘லட்சத்தீவில் வில்லாவில் பங்கு, இப்போதே முன்பதிவு’ என்று வாட்ஸப்பில் விளம்பரம் வருகிறது. பணம் போடலாமா?

வேண்டாம். அங்கே உள்ளே போகவே நுழைவு அனுமதி வேண்டும். தீவினர் பட்டியல் பழங்குடியினர்; அவர்கள் நிலம் வெளியார் கைக்குப் போகாமல் 1960-களிலிருந்தே ஒழுங்குவிதி இருக்கிறது. 2021-இல் வந்த லட்சத்தீவு வளர்ச்சி ஆணைய ஒழுங்குவிதி வரைவை அவர்கள் அவ்வளவு கடுமையாக எதிர்த்தது, எந்த நிலத்தையும் திட்டப் பகுதியாக்கி எடுக்கலாம் என்று அதில் இருந்ததால்தான்.

கட்டி முடித்தாலும் நிற்கும் என்று உறுதியில்லை. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்துத் தீவில் 54 வில்லாக்களோடு எழுந்த விடுதியை, கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியதாக இடிக்கச் சொன்ன தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உறுதிசெய்தது. இடிப்பு தொடங்கியது 2022 செப்டம்பரில்.

கோரமங்களா: ஆபீஸிலிருந்து 60 பேரை அழைத்துப்போகும் பொறுப்பு என்னிடம். விடுதியிடம் என்ன கேட்க வேண்டும்?

குடிநீர் எதிலிருந்து, உப்புக்கழிவுக் குழாய் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். எஸ்.டி.பி. கசடை எத்தனை நாளுக்கு ஒருமுறை, எங்கே கொண்டுபோகிறார்கள்? கண்ணாடி பாட்டிலும் டயப்பரும் தீவைவிட்டு வெளியே போகின்றனவா, பின்பக்கம் எரிகின்றனவா? ‘நாங்கள் சுற்றுச்சூழலை மதிக்கிறோம்’ என்று மட்டும் பதில் வந்தால் அவர்களிடம் விவரம் இல்லை என்று பொருள். மெனுவில் களவா (குரூப்பர்) மீன் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். களவா முதலில் பெண்ணாக இருந்து வளர்ந்தபின் ஆணாகும். தட்டுக்குப் பெரிய மீனாகப் பிடித்தால் ஆண்களே இல்லாமல் போகும். சூரை கேளுங்கள். முடிந்தால் 60 பேரையும் டிசம்பர் கடைசி வாரத்தில் கொண்டுபோகாதீர்கள்.

மீண்டும் அல்சூர்: மாசி வாங்கிவந்தால் ஊர்க்காரர்களுக்கு உதவுமா? நல்ல மாசி எப்படிப் பார்ப்பது?

உதவும், விடுதிக் கடையில் வாங்காமல் ஊருக்குள் வாங்கினால். சூரையைக் கடல்நீரில் வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்தது அது. கட்டைபோல இறுகி, இரண்டைத் தட்டினால் ‘டக் டக்’ என்று கேட்க வேண்டும். நகம் பதிந்தால் ஈரம் இருக்கிறது, பெங்களூர் மழையில் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். சம்பலுக்கு இடிக்கும்போது மட்டும் எடுங்கள்.