பாசிவ் கட்டடங்களில் யன்னலுக்கு வெளியே நிழல் ஏன் வேண்டும்?

யன்னல் நிழலமைப்பு என்பது, வெயில் கண்ணாடியில் படுமுன்னரே அதை மறிக்கும் கூரை நீட்டம், தட்டி போன்ற ஏற்பாடாகும். பாசிவ் எனப்படும் சக்திச் சிக்கனக் கட்டடத்தில் சுவர்கள் வெப்பம் கடத்தாதவாறும், இடுக்குகள் காற்றுப் புகாதவாறும் அமைக்கப்படுவதால், யன்னல் வழியே ஒருமுறை நுழைந்த வெப்பம் எளிதில் வெளியேறாது. ஆகவே சாதாரண வீட்டைவிட அங்கே நிழல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வெயில் கண்ணாடியை ஊடுருவித் தரையையும் தளபாடங்களையும் சூடாக்குகிறது. அவை திரும்ப விடும் வெப்பக் கதிரைக் கண்ணாடி நேரே வெளியே விடுவதில்லை. கண்ணாடிகளை மூடி வெயிலில் நிறுத்திய வாகனத்தின் உட்புறம் கொதிப்பதும் இதனாலேயே.

திருகோணமலையில் டிசம்பரிலும் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 58 பாகை உயரத்தில் நிற்பதால், தெற்கு, வடக்கு யன்னல்களுக்கு அளவான கூரை நீட்டமே போதும். உண்மையான சிக்கல் கிழக்கிலும் மேற்கிலும் உள்ளது. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து நிற்கும் சூரியன் எந்த நீட்டத்தின் கீழாகவும் நுழைந்துவிடும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களின் பிற்பகல்களில் மேற்குப் பக்கத்துக்கு ஆழமான விறாந்தையும் கிடுகுத் தட்டியும் மிகப் பொருத்தமானவை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் கடலைப் பார்த்துப் பெரிய கண்ணாடி வைப்போர், திறந்து மூடக்கூடிய வெளிப்புறச் சாய்பலகைகளையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

உள்ளே தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால் போதும் என்று பலர் எண்ணுவது தவறு; திரையில் வெயில் படும்போது, வெப்பத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது.