ரதம் கடந்த பின்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தைப்பூசத்தில் வெள்ளி ரதம் எங்கள் பந்தலைக் கடக்கும்போது ஆண்டுதோறும் 500 தேங்காய் உடைக்கிறோம். இது தாத்தா காலத்து வேண்டுதல். சுற்றுச்சூழலைக் காரணம் காட்டிக் குறைக்கச் சொல்வது நேர்த்திக்கடனில் கை வைப்பதாகாதா?
- வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: நேர்த்திக்கடனை விடச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால், தாத்தா வேண்டிக்கொண்டது என்ன என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சிதறுகாய் போடுவதாக வேண்டியிருப்பார்; எண்ணிக்கையோ, பக்கத்துப் பந்தலைப் பார்த்துப் பின்னாளில் ஏறியிருக்கும். பல குடும்பங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

டத்தோ கிராமாட் சாலையில் ரதம் கடந்த பின் சற்று நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பருப்பு தாரில் மிதிபட்டுக் கறுத்துக் கிடக்கும். சாக்கடையோரம் தேங்கிய தண்ணீர் வெயில் ஏறுமுன் புளிக்கத் தொடங்கிவிடும். துப்புரவுப் பணியாளர் ஓடு காலில் குத்தாதபடி பார்த்துப் பார்த்து மண்வாரியைத் தள்ளுவார். அந்தப் பருப்பு இனி எந்த அடுப்புக்கும் உதவாது. குப்பையோடு போனால் காற்றுப் புகாத குவியலில் அழுகி மீத்தேன் வாயுவாகும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

பினாங்குத் தீவின் குப்பை கடல் தாண்டி, பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கமுள்ள புலாவ் புரோங் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில், தைப்பூசத்தையொட்டிய அதே நாள்களில், அக்கிடங்கு தீப்பற்றி எரிந்து சுற்றுவட்டார மக்கள் புகையில் தவித்தார்கள். அதற்குத் தேங்காயே காரணம் என்று நான் பழி போடவில்லை. புண்ணியம் ஒரு கரையில் சேர, அதன் கழிவு மறுகரையில் வாழ்கிறவர் மூச்சில் சேர்கிறது; பருவநிலை நீதி என்று பெரிய பெயரிட்டு உலக மேடைகளில் பேசப்படுவது நம்மூர் அளவில் இதுதான்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தேங்காய் உடைப்பைக் குறைக்கும்படி பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. அடுத்த தைப்பூசத்தில் தாத்தா பெயரைச் சொல்லி ஒரு காயை உடைத்துவிட்டு, எஞ்சிய 499 காய்களையும் முழுக்காயாகவே அன்னதானக் கூடத்தில் இறக்குங்கள். துருவ ஆள் வேண்டுமே என்று சமையற்காரர் முணுமுணுப்பார். அதற்கும் உங்கள் குடும்பத்தார் போய் நிற்கலாம், அதுவும் தொண்டுதானே.

கேள்வி: பருவநிலை பற்றி எல்லாச் சமயத் தலைவர்களும் அறிக்கை விடுகிறார்கள். அறிக்கையால் ஆனது என்ன?
- வாசகி, செந்தூல்

பதில்: உங்கள் சலிப்பு எனக்கும் உண்டு. 2015 ஜூனில் போப் பிரான்சிஸின் சுற்றுமடல், ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் இஸ்லாமிய அறிஞர்களின் பிரகடனம், நவம்பரில் இந்து சமயத் தலைவர்களின் அறிக்கை என்று டிசம்பர் பாரிஸ் பருவநிலை மாநாட்டுக்கு முன் வரிசையாக வந்தன. அவற்றில் இஸ்தான்புல் பிரகடனம், வசதி படைத்த நாடுகளும் எண்ணெய் எடுக்கும் நாடுகளும் இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுவதை நிறுத்துவதில் முன்னிற்க வேண்டும் என்று கேட்டது. எண்ணெயும் எரிவாயுவும் விற்கும் நம் மலேசியாவில் அந்த வரி எத்தனை பிரசங்கங்களில் வாசிக்கப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது. சொல்லைச் செயலாக்கியவர்களும் உண்டு: உலகத் திருச்சபைகள் மன்றம், நிலக்கரி, எண்ணெய் போன்ற புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களில் தன் பணத்தை முதலீடு செய்வதில்லை என்று 2014இல் முடிவு செய்தது. ஆகவே உங்கள் ஆலயத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் சேமிப்பு எங்கே முதலீடு செய்யப்பட்டிருக்கிறது என்று எழுந்து கேளுங்கள். முகங்கள் சுளிக்கும், இருந்தாலும் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறிவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது (கை, முகம், கால் கழுவும்போது) குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறார்கள். வயதில் மூத்தவர்களிடம் எப்படிச் சொல்வது?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நபிகள் நாயகம் ஒரு ‘முத்து’ (அரபு முகத்தலளவை) நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளு செய்தார்கள் என்பது ஹதீஸ். பெரியவர்களுக்கு அதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குழாயின் அடியில் ஒரு லிட்டர்க் குவளையை வைத்துவிட்டு, அது எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.