நத்தைக் கொம்பில் இரண்டு நாடுகள்

கேள்வி: சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஓர் அறிக்கையில் எந்தக் குழுவின் பெயர் முதலில் வர வேண்டும் என்று எங்களுக்கும் பக்கத்துக் குழுவுக்கும் இரண்டு வாரமாக இழுபறி. எங்கள் மேலாளர் சீனர். கடைசியில் அவர் இரு குழுவுக்கும் அனுப்பிய மின்னஞ்சலில் நான்கு சீன எழுத்துகள் மட்டும்தான் இருந்தன. கைப்பேசிச் செயலி அதை ‘நத்தைக் கொம்புச் சண்டை’ என்று காட்டுகிறது. எங்களைத் திட்டுகிறாரா? என்ன பதில் எழுதுவது?

பதில்: திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படித்தவர்கள் எழுத்தில் பயன்படுத்தும் பழந்தொடர் அது. இப்படிப் பெரும்பாலும் நான்கு எழுத்துகளில் அடங்கும் தொடர்களைச் சீனர்கள் ‘செங்யூ’ என்பார்கள். நீங்கள் சொல்வது ஏறத்தாழ ‘வோ ஜியாவ் ஜி ஜெங்’ என்று ஒலிக்கும். வோ என்றால் நத்தை, ஜியாவ் என்றால் கொம்பு, ஜெங் என்றால் சண்டை அல்லது போட்டி. நடுவில் உள்ள ஜி, நம் ‘உடைய’ மாதிரி இணைக்கும் சொல். அற்ப விஷயத்துக்காக மோதிக்கொள்வது என்று அகராதி பொருள் சொல்லும்.

நமக்கு உடனே ‘குழாயடிச் சண்டை’ நினைவுக்கு வரும். ஆனால் குழாயடிச் சண்டை என்று சொல்லும்போது, சண்டை போடுகிறவர்களின் கூச்சலும் தரக்குறைவும்தான் ஏளனத்துக்கு ஆளாகின்றன. நத்தைக் கொம்பில் அந்த ஏளனம் இல்லை. எவ்வளவு சிறிய இடத்துக்காகச் சண்டை என்பதுதான் அங்கே விஷயம். கதையைக் கேட்டால் இந்த வேறுபாடு புரியும்.

‘சுவாங்ட்சு’ என்ற பழஞ்சீனத் தாவோ தத்துவ நூலின் 25-ஆம் அத்தியாயத்தில் வருகிறது இந்தக் கதை. பண்டைச் சீனாவில் வெய் நாட்டு அரசர் ஹுய்யும் சி நாட்டு அரசரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். சி அரசர் அதை மீறுகிறார். ஆத்திரத்தில் வெய் அரசர் ஆள் அனுப்பி அவரைக் கொல்ல நினைக்கிறார். ஒரு தளபதிக்கு இது வெட்கமாக இருக்கிறது. பெரிய அரசர் இப்படி ஒளிந்து பழிவாங்கலாமா, இரண்டு லட்சம் வீரர்களைக் கொடுங்கள், நேராகவே போய் அடிக்கிறேன் என்கிறார். இன்னொருவருக்கு அந்தத் தளபதியின் பேச்சே வெட்கமாக இருக்கிறது. ஏழு ஆண்டுகளாகப் போர் இல்லாமல் இருக்கிறோம், பாடுபட்டுக் கட்டி முடித்த மதிலை நாமே இடிப்பதா என்கிறார். மூன்றாமவர் வந்து, போர் வேண்டும் என்பவனும் குழப்பவாதி, வேண்டாம் என்பவனும் குழப்பவாதி, இவர்களைக் குழப்பவாதிகள் என்பவனும் குழப்பவாதிதான் என்கிறார். இரண்டு வாரம் இழுபறியில் இருந்த உங்களுக்கு இந்த அவை பழக்கப்பட்டதாகவே தோன்றும்.

அப்போது அமைச்சர் ஹுய் ஷி, டாய் ஜின்ரென் என்பவரை அழைத்து வருகிறார். அவர் அரசரிடம் கேட்பது ஒன்றுதான்: நத்தை தெரியுமா? தெரியும் என்கிறார் அரசர். அதன் இடது கொம்பில் ‘சூ’ என்று ஒரு நாடு, வலது கொம்பில் ‘மான்’ என்று ஒரு நாடு. இரண்டும் நிலத்துக்காக அடிக்கடி போரிடும். பல்லாயிரம் பேர் பிணமாக விழுவார்கள். தோற்று ஓடுகிறவர்களை 15 நாள் துரத்திவிட்டுத்தான் வென்றவர்கள் திரும்புவார்கள்.

வெறும் கற்பனைதானே என்கிறார் அரசர். சரி, இதை உண்மையாக்கிக் காட்டுகிறேன் என்று டாய் தொடர்கிறார். திசைகளுக்கு எல்லை உண்டா? இல்லை. எல்லையற்ற அந்த வெளியில் மனத்தை உலவவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இந்த நாடுகள் இருந்தும் இல்லாதது போலத்தானே தெரிகின்றன? ஆமாம். அந்த நாடுகளுக்குள் வெய், வெய்க்குள் தலைநகர், தலைநகருக்குள் நீங்கள். மான் நாட்டுக்காரனுக்கும் உங்களுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றும் இல்லை என்கிறார் அரசர். டாய் போன பிறகு எதையோ தொலைத்தவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

உரையாடல் புனைவுதான், ஆனால் அரசர் உண்மையானவர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஆண்டவர். கி.மு. 353-இலும் 341-இலும் இதே சி நாட்டிடம் பெருந்தோல்வி கண்டவர். தம் மூத்த மகனையும் அங்கேதான் இழந்தார். போர்க்களத்திலிருந்து ஐம்பது அடி ஓடியவன் நூறு அடி ஓடியவனைப் பார்த்துச் சிரித்தானாம் என்று சீனத் தத்துவஞானி மென்சியஸ் சொன்னதும் இவரிடம்தான். அதுவும் இன்றுவரை ஒரு பழந்தொடர்.

இந்தக் கதையில் இரண்டு செய்திகளைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவது, இது எளியவர்களைப் பார்த்துச் சொன்ன சொல் அல்ல. நாட்டிலேயே அதிகாரம் மிக்கவரின் முகத்துக்கு நேரே ஒரு விருந்தாளி சொன்னது. இரண்டாவது, கொம்பு சிறியதே தவிர அதில் விழும் பிணங்களின் எண்ணிக்கை சிறியதல்ல. சண்டையில் கிடைக்கும் பரிசு அற்பம் என்றுதான் கதை சொல்கிறது, வலி அற்பம் என்று சொல்லவே இல்லை. அதனால் மிகைநேரச் சம்பளம் கிடைக்காதவரிடமும் விடுப்பு மறுக்கப்பட்டவரிடமும் போய் ‘நத்தைக் கொம்பு’ என்று சொல்வது தவறு. நீங்களும் அப்படிப் பயன்படுத்தாதீர்கள். தன்னைச் சேர்த்து ‘நாம்’ என்று சொல்லும்போதுதான் இந்தத் தொடர் சரியாக உட்காரும்.

இதோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு தொடர் உண்டு: உள்ளான் குருவியும் சிப்பியும் சண்டையிட, மீனவன் இரண்டையும் அள்ளிக்கொண்டு போன கதை. மூன்றாமவர் ஆதாயம் அடைவார் என்ற எச்சரிக்கை அது. உங்கள் மேலாளர் அதைச் சொல்லவில்லை.

பதிலைச் சுருக்கமாக எழுதுங்கள். ‘புரிந்தது, பெயர்களை அகரவரிசையில் போட்டுவிடலாம்’ என்ற ஒரு வரி போதும். பதிலுக்கு ஒரு சீனத் தொடரைத் தேடி ஒட்ட வேண்டாம், அது போட்டிக்கு நிற்பது போல ஆகிவிடும். ஆனால் பெயர் வரிசைக்குப் பின்னால் உண்மையான குறை ஒன்று இருந்தால், அதாவது வேலையை ஒருவர் செய்ய மதிப்பீட்டில் பெயர் இன்னொருவருக்குப் போகிறது என்றால், அதைத் தனியாக, நேரில் பேசுங்கள். மேலாளர் நத்தைக் கொம்பு என்றது பெயர் வரிசையை. அந்தக் குறை அதில் அடங்காது.

அப்புறம், மின்னஞ்சலைத் திறந்து கடைசி இரண்டு எழுத்துகளை ஒருமுறை சரிபாருங்கள். செயலிகள் பழந்தொடர்களைத் தோராயமாகத்தான் பெயர்க்கின்றன. 11-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சு ஷி இதே நத்தைக் கொம்பை எடுத்து ‘வோ ஜியாவ் ஷூ மிங்’ என்று எழுதினார். நத்தைக் கொம்பளவு வெற்றுப் புகழ் என்று பொருள். அந்த வரியில் இதற்கு இணையாக ஈத்தலையளவு லாபமும் வரும். கடைசி இரண்டு எழுத்துகள் ‘ஷூ மிங்’ என்று இருந்தால், அவர் சண்டையைச் சொல்லவில்லை, அறிக்கையில் அச்சாகப் போகும் அந்தப் பெயரையே சொல்கிறார். அப்படியானால் அகரவரிசையும் வேண்டாம், பக்கத்துக் குழுவின் பெயரே முதலில் இருக்கட்டும் என்று எழுதிவிடுங்கள்.