பதினைந்தா, பன்னிரண்டா?

அன்புள்ள ஐயா,

மத்திய அரசு அலுவலகம் ஒன்றிலிருந்து அடுத்த ஆண்டு 60 வயதில் ஓய்வு பெறுகிறேன். பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக மொத்தப் பணமாக வாங்கும் கம்யூட்டேஷனை எடுத்தால் 15 ஆண்டு பென்ஷனில் பிடிப்பார்கள். கொடுத்த பணம் எட்டு ஆண்டில் அரசுக்குத் திரும்பிவிடுகிறது, மீதி ஏழாண்டும் கொள்ளைதான் என்கிறார்கள் சங்கத்தில். இதை 12 ஆண்டாகக் குறைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. உங்கள் கருத்து என்ன? நான் வாங்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொள்ளை என்பது கொஞ்சம் அதிகம். பென்ஷன் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அதிகபட்சம் 40 சதவீதம், அதாவது 12,000 ரூபாயை ஒப்படைக்கலாம். உங்கள் வயதுக்கு அட்டவணையில் உள்ள பெருக்கெண் 8.194. ஓராண்டுத் தொகையான 1,44,000-ஐ அதால் பெருக்கினால் கையில் வருவது சுமார் 11.8 லட்சம். எட்டாண்டுச் சொச்சத்தில் அசல் கழிந்துவிடும், சரி. வட்டியை யார் கட்டுவது? 15 ஆண்டில் பிடிப்பது மொத்தம் 21.6 லட்சம். வங்கிக் கடன்போலக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9 சதவீத வட்டி. நடுவில் நாம் போய்விட்டால் பாக்கியைக் குடும்பத்திடம் கேட்பதில்லை, குடும்ப ஓய்வூதியத்திலும் பிடிப்பதில்லை. இதைச் சங்கக் கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனாலும் கோரிக்கை நியாயம்தான், வேறு காரணத்தால். ஒப்படைத்த பகுதி 15 ஆண்டுக்குப் பிறகு திரும்பக் கிடைப்பது 1986-இல் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த ஏற்பாடு. அன்று இதே வயதுக்குப் பெருக்கெண் 9.81. அந்தக் கணக்கில் வட்டி 6 சதவீதம்தான் வரும். 2008-இல் அட்டவணையை மாற்றி 8.194-க்கு இறக்கினார்கள். கைக்கு வரும் தொகை குறைந்தது, பிடிக்கும் காலம் மட்டும் அப்படியே நின்றது. 12 ஆண்டாக்கினால் வட்டி 7-க்குச் சற்றுக் கீழே வரும். ஐந்தாவது ஊதியக் குழுவே 12 என்று பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. கேரள அரசு தன் ஊழியர்களுக்கு 12 ஆண்டில் திருப்பித் தருகிறது.

என் அப்பா 2004 மே மாதம் ஓய்வு பெற்றவர், 9.81 கிடைத்த அதிர்ஷ்டசாலி. பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை நகலின் ஓரத்தில் "ஜூன் 2019" என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அந்த மாதம் வந்தது. வங்கியில் பிடித்தம் நிற்கவில்லை. கேட்டால், "சிஸ்டத்தில் தேதி ஏறவில்லை சார்" என்று பதில். 75 வயதில் நான்கு மாதம் நடந்தார். அக்டோபரில் முழு பென்ஷன் நிலுவையோடு வந்தபோது பாஸ்புக்கை என்னிடம் காட்டி, "பாத்தியா, டி.ஏ. முழு பென்ஷனுக்குத்தான் போட்டுக்கிட்டு வந்திருக்கான், அதுல குறை சொல்ல முடியாது" என்றார். மனிதர் அப்படி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக் கடனோ பிள்ளை படிப்புக் கடனோ 9 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால் வாங்கி அடைத்துவிடுங்கள். வைப்பு நிதியில் போடத்தான் என்றால் வேண்டாம், அங்கே அவ்வளவு வட்டி கிடைக்காது. முழு 40 சதவீதமும் எடுத்தாக வேண்டும் என்றும் இல்லை. ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை கிடையாது என்பதால், கோரிக்கை என்ன ஆகிறது என்று சில மாதம் பொறுத்துப் பார்க்கவும் இடமிருக்கிறது. வாங்கினால், எந்த மாதம் பிடித்தம் தொடங்கியது என்பதைப் பேனாவால் எழுதி வையுங்கள்.