மதகடிக் கேள்விகள்

(வேதாரண்யம் பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் தருகிறார்.)

2003-ல் சட்டம் வந்தபோதே எங்கள் வீட்டில் மழைநீர்க் குழி வெட்டினோம். 2015-ல் வெள்ளத்தில் மூழ்கினோம். 2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். அந்தக் குழியால் என்ன பயன்? இப்போது புதுவகை மழைநீர் அமைப்பு என்று ஒருவர் விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாங்கலாமா?
— இல்லத்தரசி, பல்லாவரம்

அம்மா, வாங்குவதற்கு முன் பழைய குழியின் மூடியைத் திறந்து பாருங்கள். கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சென்னைக்கு வரும்போது உறவினர் வீடுகளில் நான் முதலில் கேட்பது இதைத்தான். பல வீடுகளில் மூடியின்மேல் பூந்தொட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு வீட்டில் மூடியே தெரியாமல் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். குழி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை. சிதறியது, ஆவியானது, மாடியைக் கழுவ விட்ட முதல் மழை எல்லாம் போனாலும் ஒரு லட்சம் லிட்டர் நிற்கும். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அது ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். உங்கள் தெருவில் 25 மாடிகள் ஓராண்டில் பிடிக்கக்கூடிய தண்ணீர் அது.

வெள்ளத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டாம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதிக் கணக்கில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. உங்கள் மாடியில் மட்டும் 45 ஆயிரம் லிட்டர். அதை எந்த வீட்டுக் குழியும் குடித்து முடிக்காது. அதற்கு ஏரியும் ஓடையும் பள்ளிக்கரணைச் சதுப்பும் வேண்டும். குழியின் வேலை, அடுத்த சித்திரை வெயிலுக்கு நிலத்தடியில் நீர் சேர்ப்பது.

ஆடி மாதம் ஓர் ஆளைக் கூப்பிட்டு மேல் மணலை வாரி எடுக்கச் சொல்லுங்கள். அதன்மேல் களிம்பு மாதிரி வண்டல் படிந்திருக்கும். தண்ணீர் இறங்காமல் போவது அதனால்தான். சல்லியை அலசி, புது மணல் போடச் சொல்லுங்கள். மாடிக் குழாயின் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய திறந்த கிணறு இருந்தால் வடிகட்டி வழியாகத் தண்ணீரை நேரே கிணற்றுக்கே விடலாம், அதைவிட நல்லது இல்லை. குழியைச் சுத்தம் செய்த தேதியைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். இதெல்லாம் செய்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். புது அமைப்பைப் பற்றி அப்போது பேசலாம்.

கஜா புயலில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தோம். இப்போது மானியத்தில் வீட்டு மாடியில் சோலார் போடப் போகிறேன். இனி புயலைப் பற்றிக் கவலையில்லைதானே?
— பள்ளி ஆசிரியர், பட்டுக்கோட்டை

ஆசிரியரே, நீங்கள் நினைத்ததைத்தான் நானும் நினைத்திருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கஜா எங்கள் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மாடியில் எட்டுத் தகடுகள் போட்டிருந்தேன். காற்றில் இரண்டு பறந்துவிட்டன, ஆறு தப்பித்தன. மறுநாள் பளீரென்று வெயில். கீழே இறங்கி மோட்டாரைப் போட்டால் ஓடவில்லை, இன்வெர்ட்டர் பெட்டியில் விளக்குக்கூட இல்லை. “வெயில்தான் காயுதே, கரன்ட் ஏன் வரல?” என்று என் மனைவி கேட்டார். பொறியாளர் வேலை பார்த்த எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

காரணம் இதுதான். மானியத்தில் போடும் சாதாரண அமைப்பு மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. கம்பியில் மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் மாடி மின்சாரம் அறுந்த கம்பிக்குள் போய், கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளியின் உயிரை எடுத்துவிடும். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களை நினைத்தால் அந்தப் பாதுகாப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்பதுதான் வருத்தம்.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்குங்கள். பேட்டரியோடு சேர்ந்து இயங்கும் ‘ஹைப்ரிட்’ இன்வெர்ட்டர் என்றால், வெளிக் கம்பியைத் தானே துண்டித்துக்கொண்டு வீட்டுக்கு மட்டும் மின்சாரம் தரும். வீடு முழுவதற்கும் பேட்டரி போட்டால் செலவு தாங்காது. இரண்டு விளக்கு, இரண்டு மின்விசிறி, கைப்பேசி சார்ஜர், முடிந்தால் ஒரு சிறு மோட்டார், இவற்றுக்குத் தனி வயரிங் இழுக்கச் சொல்லுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி மின்விசிறி 30 வாட்டுக்குள் ஓடும், பழைய விசிறிக்கு 75 வாட் வேண்டும். அதே பேட்டரியில் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

தகட்டைப் பிடிக்கும் கிளாம்பும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகா என்று கையில் வாங்கிப் பாருங்கள். உப்புக்காற்று அடிக்கிற நம் பக்கத்தில் மட்ட இரும்பு மூன்று வருடம்கூடத் தாங்காது. பறந்துபோன என் இரண்டு தகடுகளின் போல்ட்டும் பாதி கரைந்திருந்தது. ஐப்பசி பிறக்கும் முன் மேலே ஏறி ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

எங்கள் தெருவுக்குக் கரன்ட் வர 19 நாள் ஆயிற்று. அந்த 19 நாளும் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது தெருமுனை அடிபம்பு. மகளிர் குழுப் பெண்கள் வீட்டுக்குப் பத்து ரூபாய் வசூலித்து, ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மோட்டார் இருக்கிறதே என்று நான் அந்தப் பத்து ரூபாயைக்கூட ஒழுங்காகக் கொடுத்ததில்லை. அப்போதிலிருந்து எந்தப் புதுக் கருவியைப் பார்த்தாலும், அது என்ன செய்யும் என்பதைவிட, யார் அதைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதையே முதலில் கேட்கிறேன்.

கடற்கரை நெடுகப் பனை விதை நடுகிறோம். சுனாமி வந்தால் தடுக்குமா?
— இளைஞர் மன்றத்தினர், நாகப்பட்டினம்

நடுங்கள், கரை மண்ணைப் பனை நன்றாகப் பிடிக்கும். ஆனால் பாளை விடவே பத்துப் பதினைந்து ஆண்டாகும். அலைக்கு முன்னால் நிற்க அலையாத்திக் காடு வேண்டும். 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வுகளே சொல்லின.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் ஒரு காலத்தில் கூப்பு விட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாக ஒதுக்கி, மொத்தமாக மரம் வெட்டினார்கள். மொட்டையான தரை காய்ந்து அமிழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் திரும்ப வழியில்லாமல் வற்றி, உப்பு ஏறி, பிறகு அங்கே ஒரு கன்றும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கடலின் ஏற்றவற்ற நீர் உள்ளே வந்து போக வழி செய்தார்கள். உப்பு இறங்கியது, நட்ட கன்று நின்றது. ஆனால் அந்த வாய்க்கால் வண்டல் அடைத்தால் பழைய கதைதான். உங்கள் மன்றத்தில் முப்பது பேர் இருந்தால், பத்துப் பேர் விதை போடட்டும். இருபது பேர் வனத்துறையைக் கேட்டு வாய்க்கால் தூர்வாரும் வேலைக்குப் போங்கள்.

வெள்ளம் தாங்கும் புது நெல் நடுவதா, பாரம்பரிய நெல்லுக்குப் போவதா? இரண்டு பக்கமும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— விவசாயி, மன்னார்குடி வட்டம்

இரண்டும் வேண்டும், எந்த வயலில் எது என்பதுதான் கேள்வி. நீங்கள் ‘பொன்மணி’ என்று நடும் சி.ஆர். 1009-இன் புது வடிவம்தான் சி.ஆர். 1009 சப்1. அதில் சேர்த்த மரபணுவே ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லிலிருந்து எடுத்தது. சாதாரணப் பயிர் மூழ்கினால் காற்றைத் தேடி விறுவிறுவென்று நீளும். சேமித்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் துவண்டு படுத்துவிடும். சப்1 பயிர் நீளாமல் அடங்கிக் கிடந்து, இரண்டு வாரம் வரை தாங்கி, பிறகு குருத்து விடும். ஆனால் இது இளம்பயிருக்குத்தான். கதிர் வந்தபின் மூழ்கினால் இதுவும் காப்பாற்றாது. தண்ணீர் வடிந்த அன்றே யூரியா தூவாதீர்கள், புதுக் குருத்து தெரியட்டும்.

தண்ணீர் தேங்கும் பள்ளக்காலில் சப்1 நடுங்கள். ஆளுயரம் வளரும் காட்டுயானம் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் வகை. உப்பு ஏறிய கடலோர நிலத்துக்கு எங்கள் பக்கத்துக் குழியடிச்சான் இருக்கிறது. வீட்டுச் செலவுக்காவது ஒரு துண்டில் நட்டு விதையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை அனுபவத்தில் பட்டதையும் சொல்கிறேன். டெல்டாவில் பயிர் மூழ்கிய வயல்களைப் பார்க்கப் போனபோதெல்லாம், மழை அளவைவிட வடிகால்தான் என் கண்ணில் பட்டது. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும். மூன்று நாளில் வடிய வேண்டிய தண்ணீர் பத்து நாள் நிற்கும். உங்கள் வடிகாலில் பங்குள்ளவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் எழுதி, புரட்டாசிக்குள் ஒரு நாள் அனைவரும் இறங்குங்கள்.

எங்கள் ஊராட்சியில் தெருவிளக்குக் கட்டணம் கட்டவே பணமில்லை. புதுமை எல்லாம் பணக்கார ஊருக்குத்தானே?
— வார்டு உறுப்பினர், விருதுநகர் மாவட்டம்

மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சிக்குப் போய்வாருங்கள். வங்கிக் கடன் வாங்கி 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை அமைத்தார்கள். தங்கள் தேவை போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் படியுங்கள், காற்றாலையைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

கண்மாயின் நீர்மட்டத்தைக் கைப்பேசிக்குச் சொல்லும் கருவி செய்தோம். கல்லூரிப் போட்டியில் பரிசு கிடைத்தது. ஊர்க் கண்மாயில் பொருத்தினோம், மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. எங்கே தவறு?
— பொறியியல் மாணவி, சிவகங்கை

மகளே, மடையில் கொண்டுபோய்ப் பொருத்தினாயே, அதற்கே என் பாராட்டு. பல கருவிகள் மேசையை விட்டு இறங்குவதில்லை.

மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் கருவி என்று எழுதியிருக்கிறாய். கீழே ஆகாயத்தாமரை மிதந்தால் அதைத் தண்ணீர் என்று அளக்கும். கருவியின் வாயில் குளவி கூடு கட்டும். சின்னத் தகட்டில் காக்கை எச்சம் காய்ந்து பேட்டரி ஏறாது. உள்ளே இருக்கும் சிம் கார்டுக்கு ரீசார்ஜ் முடிந்திருக்கும். நான் பார்த்த கருவிகளில் அதிகம் நின்றுபோனது இந்தக் கடைசிக் காரணத்தால்தான்.

செய்தி யார் யாருக்குப் போனது? உன் கடிதப்படி நீங்கள் மூன்று மாணவர்களுக்கு மட்டும். மடையைத் திறப்பவர் நீர்ப்பாய்ச்சி. வட மாவட்டங்களில் நீர்க்கட்டி என்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, மிகுநீர் வெளியேறும் கலுங்கு வழிகிறதா என்று டார்ச்சோடு போய்ப் பார்ப்பவர் அவர்தான். உத்தரமேரூர்க் கல்வெட்டில் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒரு குழுவை ஆண்டுதோறும் குடவோலையில் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. நீர்ப்பாய்ச்சி இல்லாமல் போன கண்மாய்கள் எத்தனையோ. உன் ஊரில் ஒருவர் இருந்தால் அது பெரிய சொத்து.

அவரிடம் போய் உட்கார். எந்த மட்டம் வந்தால் அவருக்குப் பயம் வருகிறது என்று கேள். அந்த மட்டத்தில் மட்டும் அவர் போனுக்கு மணி அடிக்கட்டும், தமிழில் குரலாகப் பேசட்டும். மடைச் சுவரில் அடிக்கணக்கைப் பெயின்டில் எழுதி, ஒரு நோட்டும் பேனாவும் அவரிடம் கொடு. ரீசார்ஜுக்குக் கண்மாய்ப் பாசனக்காரர்களிடம் பேசு. அவர்களுக்குப் பயன் தெரிந்தால் அந்தப் பணத்தைத் தருவார்கள்.

மார்கழி முடிந்ததும் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. கருவி சொன்ன அளவையும் அவர் எழுதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எந்தத் தேதியில் இரண்டும் விலகுகிறதோ, அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.