தேர்தல்தான் காரணமா?

அன்புள்ள ஐயா,

2021-இன் கொரோனா இரண்டாம் அலை பற்றிய கட்டுரையில் டெல்டா என்ற உருமாறிய வைரஸையே முதன்மைக் காரணமாகச் சொல்லியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் தொற்றைப் பெருக்கியது தேர்தல் பிரச்சாரம். அந்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமே தேர்தல் ஆணையத்தைத்தான் பொறுப்பாக்கியது. என் தந்தை கட்சிக் கூட்டம் ஒன்றையும் விடாதவர். ஏப்ரல் கடைசியில் காய்ச்சல் வந்தது, மே மாதம் இறந்துபோனார். சித்திரை முதல் வாரம் நடந்த என் தங்கையின் வளைகாப்பில்தான் தொற்றியது என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார். பழியை வைரஸ் மீது போட்டால் தலைவர்கள் தப்பிவிட மாட்டார்களா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள்.

முதலில் உங்கள் வீட்டுப் பேச்சு. பிரச்சாரம் ஏப்ரல் 4 மாலை ஓய்ந்தது. இந்த நோய் தொற்றியபின் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்கு மேல் எடுப்பதில்லை. எனவே அப்பாவுக்குக் கூட்டத்திலிருந்து நேரடியாகத் தொற்றியிருக்க வாய்ப்புக் குறைவு. அதனால் சித்தப்பா சொல்வது சரியாகிவிடுமா? அந்த வாரத்தில் கடை, பஸ், மருந்தகம், பக்கத்து வீடு என எங்கும் தொற்று இருந்தது. வளைகாப்பிலேயே தொற்றியிருந்தாலும், அங்கே வந்தவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று பின்னோக்கிப் போனால், கூட்டத்துக்கு ஆள் ஏற்றிச் சென்ற வேன் ஒன்றில் அந்தச் சங்கிலி போய் முடியக்கூடும். கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணைக் காலமெல்லாம் குற்றவாளியாக்குவது பெரும் கொடுமை. சித்தப்பாவிடம் இதை உரக்கவே சொல்லுங்கள்.

வேன் என்று யோசித்தேதான் எழுதினேன். திறந்த மைதானத்தைவிட எனக்கு அச்சம் தருபவை அதைச் சுற்றி நடந்தவை: நெருக்கியடித்த வாகனப் பயணம், கல்யாண மண்டபங்களில் கதவடைத்து நடந்த நிர்வாகிகள் கூட்டம், வீடு வீடாக வாக்குக் கேட்பு. காற்றோட்டமில்லாத இடத்தில் நெடுநேரம் உரக்கப் பேசுவதைப்போல இந்த வைரஸுக்கு வசதியானது வேறில்லை.

ஆனால் தேர்தல் மட்டுமே காரணம் என்றால் மகாராஷ்டிரத்தை எப்படி விளக்குவீர்கள்? அங்கே சட்டமன்றத் தேர்தல் இல்லை. பிப்ரவரியிலேயே தொற்று ஏறத் தொடங்கியது. டெல்லியிலும் தேர்தல் இல்லை. அங்கே ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் செத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுப்படி 2021 ஜனவரி வாக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் இரத்தத்திலேயே இந்த நோய்க்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது. மீதிப் பேரில் பெரும்பாலோர் தடுப்பூசியும் இல்லாமல் நின்றபோதுதான், முந்தைய உருமாறிய வகையான ஆல்பாவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகமாகப் பரவும் டெல்டா வந்தது. தேர்தல் இல்லாவிட்டாலும் அலை வந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு உயரத்துக்கு வந்திருக்குமா என்பதே என் கேள்வி. வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பரிசோதனை கூடியதால் எண்ணிக்கை கூடியது என்று அப்போது பலர் வாதிட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் நூறு பேரைச் சோதித்தால் ஒருவருக்குத் தொற்று இருந்தது. மே 21 அன்று, ஒரே நாளில் 36,184 பேருக்கு உறுதியானபோது, நூற்றில் இருபதுக்கு மேல். சோதனை மட்டும் கூடியிருந்தால் இந்த விகிதம் இப்படி ஏறாது.

இனி தலைவர்கள். பரவலுக்கு வைரஸ் காரணம் என்பதால் மனிதர்களின் பொறுப்பு குறைவதில்லை. நீதிமன்றம் ஏப்ரல் 26 அன்று வாய்மொழியாகச் சொன்ன அந்தக் கடுஞ்சொற்களில் நியாயமான கோபம் இருந்தது. ஆணையத்தை மட்டும் சுட்டியது போதாது என்பேன். கூட்டம் கூட்டிய எல்லாக் கட்சிகளுக்கும் அதில் பங்குண்டு. மகாராஷ்டிரத்தின் அமராவதியில் பிப்ரவரி 22 அன்றே ஊரடங்கு வந்துவிட்டது. நம் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது அதற்கு நான்கு நாள் கழித்து. வாக்குப்பதிவைத் தள்ளிவைக்க முடியாதென்றே வைத்துக்கொள்வோம். வேன்களில் ஆள் ஏற்றுவதையும் மண்டபக் கூட்டங்களையும் தடுக்க ஐந்து வாரங்களுக்கு மேல் இருந்தன.